பழப்புளி போட்டு மினுக்கிய ஓடு

சகலனுக்கு லொத்தர் விழுந்திருந்தால்கூடச் சீமோன் தாங்கியிருப்பார். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் எழும்பித் தானும் ஒரு லொத்தர் வாங்கியிருப்பார். ஆனால் மாக்கஸுக்கு விழுந்தது லொத்தர் அல்ல, சரித்திரம். அதுவும் பின்வளவில், குப்பைவாளி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில். சரித்திரத்தை எந்தக் கடையில் போய் வாங்குவது?

இரண்டு பேரும் வோபர்னில் ஒரு சுவரைப் பங்குபோட்ட இரட்டைவீட்டுக்காரர். அக்கா வேரோனிக்காவைக் கட்டியவர் சீமோன், தங்கை செலீனைக் கட்டியவர் மாக்கஸ். மன்னாரில் ஒரே கோயிலில் தாலி கட்டி, ரொறன்ரோவில் ஒரே மாதத்தில் வீடு வாங்கியவர்கள். சுவர் என்பது பேச்சுக்குத்தான். அந்தப் பக்கம் மாக்கஸ் தும்மினால் இந்தப் பக்கம் சீமோனின் தேத்தண்ணிக் கோப்பை கிலுங்கும். அந்தப் பக்கம் மீன் பொரித்தால் இந்தப் பக்கம் வெறுஞ்சோறு இறங்கும்.

மாக்கஸ் வாசலில் இரண்டு கார் நிற்கக் கல் பதித்தார். சீமோன் மூன்று கார் நிற்கப் பதித்தார். அவரிடம் இருந்தது ஒன்று, அதுவும் பாதி நாள் திருத்தக் கராச்சில். மாக்கஸ் ஒரு முழு ஆட்டுத்தொடை வேகிற பார்பிகியூ வாங்கினார். சீமோன் வாங்கியதில் மாக்கஸையே வாட்டலாம். பாண் பேக்கரியில் இரவுவேலை செய்து ஓய்ந்த சீமோனுக்கும், பிறம்ரனில் லொறி ஓட்டி ஓய்ந்த மாக்கஸுக்கும் பென்சன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சனம் சொல்லும். சீமோன் அதை நம்பியதில்லை.

சகோதரிகளுக்குள் வேறொரு வழக்கு இருந்தது. அவர்களுடைய அம்மா மன்னாரில் இருந்து மடியில் வைத்தே கொண்டுவந்த மண்சட்டி. விமானத்தில் பணிப்பெண் அதை வாங்கி மேலே வைக்கப் பார்த்தபோது, அம்மா சீலைத் தலைப்பால் அதை மூடி, பிள்ளை பால் குடிக்கிறது என்பதுபோல் திரும்பிக்கொண்டாராம். அந்தச் சட்டியில் திருக்கை காய்ச்சினால் வீதிமுனையில் நிற்கிறவன் பஸ்ஸைத் தவறவிடுவான். அம்மா கண்ணை மூடி ஒரு வருடம் ஆகவில்லை, வேரோனிக்காவின் குசினியில் இருந்து சட்டியைக் காணவில்லை.

"செலீன்தான் கொண்டு போட்டாள்" என்றார் வேரோனிக்கா.

"அக்கா ஒளிச்சு வைச்சுக்கொண்டு என்னில பழி போடுறா" என்றார் செலீன்.

அன்று தொட்டு நத்தாருக்குப் பலகாரத் தட்டு மாறும், பிறந்தநாளுக்கு கேக் மாறும்; ஆனால் சட்டி என்ற சொல் யார் வாயிலாவது வந்தால் இரண்டு வீட்டுக் குசினிக் கதவும் ஒரே நேரத்தில் அடித்துச் சாத்தும்.

இப்படி இருக்கையில்தான் மாக்கஸின் மகன் றிச்சர்டுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. பின்வளவில் தனியாக ஒரு குட்டிவீடு கட்டி மணமக்களை அதில் வைப்பதாக மாக்கஸ் பெண்வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தார். யூன் மாதம், புல்லே வியர்க்கிற ஒரு வெக்கை நாளில் மண்ணள்ளுகிற பெக்கோ மெசின் வந்து இறங்கியது. சீமோன் தன் பக்கத்து வேலியோரம் முந்திரிகை என்கிற திராட்சைக் கொடிக்குத் தண்ணீர் விடுகிற சாட்டில் நின்று பார்த்தார். கொடி அன்று குடித்த தண்ணீருக்கு அது நீந்தியிருக்கவேண்டும்.

மூன்றாவது அள்ளலில் மண் கறுத்தது. சாரதி மெசினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். கறுப்பு மண்ணுக்குள் ஒரு பானையின் தோள் தெரிந்தது.

"என்ன மாக்கஸ், மெசின் பழுதோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டார் சீமோன். குரலில் அவ்வளவு அக்கறை.

"இல்லை அண்ணை. ஏதோ பழைய பானை கிடக்காம். இனித் தொடக்கூடாதாம். உது சட்டமாம்."

"ஆற்ற சட்டம்?"

"இந்த நாட்டுப் பூர்வீகச் சனத்தின்ர சாமான் நிலத்துக்குள்ள கிடந்தா, வேலையை நிப்பாட்டி அறிவிக்கவேணுமாம். லைசென்ஸ் உள்ள ஆராய்ச்சிக்காரர்தான் கிண்டலாமாம். அதுக்குக் காசும் நான்தான் கட்டவேணுமாம்."

"அட கடவுளே" என்றார் சீமோன். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, குசினி நடுவில் நின்று கையிரண்டையும் கூப்பி, "ஆண்டவர் இருக்கிறார்" என்றார்.

"என்ன, பின்னேரப் பூசைக்கு நேரமாச்சோ?" என்றார் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த வேரோனிக்கா.

அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

ஆராய்ச்சிக்காரன் ஒருவன் வந்தான். நெஞ்சுவரை இறங்கிய செந்தாடி. அதற்குள் இரண்டு குருவி கூடு கட்டலாம். அவனோடு கிளாடெற் என்றொரு பெண்மணி. அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறவர், கியூபெக்கில் இருந்து வந்த வென்டாற் பூர்வீகச் சனம். இந்த வோபர்ன், இந்தத் தெரு, சீமோனின் மூன்று கார்க் கல்வாசல் எல்லாம் ஒருகாலத்தில் அவருடைய முன்னோரின் சோளத்தோட்டமாக இருந்திருக்கலாம் என்றான் செந்தாடி. தோண்டும்போது சனத்தின் சார்பில் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் அவருடைய வேலை. மடக்குக் கதிரை ஒன்றை விரித்துக் குழியோரம் இருந்தார். செம்மஞ்சள் மேற்சட்டையில் பின்னுக்கு வெள்ளிக்கோடு மினுங்கியது. பிரெஞ்சுதான் அவருடைய வீட்டுப்பாசை. இங்கிலிசை அவரும் சீமோனைப்போலவே ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி அடுக்குவார். அதனால் இருவருக்கும் நல்லாய் விளங்கிற்று.

வேலை என்றால் அப்படியொரு வேலை. செந்தாடியும் அவனுடைய ஆட்களும் மேசன்கரண்டியால் மண்ணைச் சுரண்டினார்கள். வெட்டவில்லை, சுரண்டினார்கள், மூக்கு நுனியில் இருக்கிற பருவைச் சுரண்டுவதுபோல. சுரண்டிய மண்ணை அரிதட்டில் போட்டு ஆட்டி, மிஞ்சுகிற ஒவ்வொரு கல்லையும் பார்த்தார்கள். காலையில் இருந்து மத்தியானம்வரை ஒரு சாண் இறங்கவில்லை.

"எங்கட ஊரில உதை அரை நாளில வெட்டி முடிச்சுக் கள்ளுக்கும் போயிருப்பாங்கள்" என்றார் சீமோன்.

"முடித்திருப்பீர்கள்" என்றார் கிளாடெற், கதிரையை விட்டு அசையாமல். "எங்கள் சாமான் பாதி அப்படித்தான் முடிந்தது. மீதி நூதனசாலை இழுப்பு லாச்சிகளுக்குள்."

சீமோனின் வயிறு எரிய முதற்காரணம் சாப்பாடு. செலீன் முதல் நாள் செந்தாடி ஆட்களுக்கு றோல்ஸ் சுட்டுக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட வேரோனிக்கா அடுத்த நாள் மீன் கட்லற் கொண்டுபோனார். செலீன் நண்டு போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினார். வேரோனிக்கா இடியப்பம் அவித்து, சொதியும் மாசிச் சம்பலும் வைத்து, இரண்டு தட்டு ஏற்றிக்கொண்டு வேலியால் நீட்டினார். கூழைக் குடித்த செந்தாடி, மூக்கில் இருந்தும் கண்ணில் இருந்தும் நீர் வடிய, "தெய்வீகம்" என்றானாம். ஒரு கிழமையில் அவனுடைய காற்சட்டைப் பட்டியில் இரண்டு துளை தள்ளிப்போயிற்று. குழி ஆழமானதைவிட அவன் அகலமானது கூட.

இரண்டாவது காரணம் தொலைக்காட்சி. கமராக்காரர் வந்தார்கள். மாக்கஸ் கோட் போட்டுக்கொண்டு குழியோரம் நின்றார். முப்பது பாகை வெக்கையில் கோட்! ஞாயிறு பூசையில் சுவாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் மாக்கஸைச் சுட்டிக்காட்டி, "நிலத்தை மதிக்கிற குடும்பம்" என்றார். அதையும் விஞ்சி, கிளாடெற்றின் ஆட்கள் இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி நகரமண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்கிறார்களாம்; வீட்டுக்காரர் சார்பில் மாக்கஸ்தான் பேசவேண்டுமாம்.

"என்னத்தைத் திருத்தப்போறியள்?" என்று கேட்டார் சீமோன், கொடிக்குத் தண்ணீர் விட்டபடி.

கிளாடெற் விரல் மடக்கி எண்ணவில்லை, கோப்பியை ஆற்றிக்கொண்டு சொன்னார். "மெசின் பானையில் முட்டிய பிறகுதான் எங்களுக்குத் தொலைபேசி வருகிறது. முட்டமுதல் வரவேண்டும். கிடைத்ததை என்ன செய்வதென்று கடைசிச் சொல் எங்களுடையதல்ல. அதுவும் மாறவேண்டும். செலவெல்லாம் உங்கள் சகலனின் தலையில் விழுகிறது. அதனால் எத்தனை பேர் சத்தம் போடாமல் கொங்கிறீற்றை ஊற்றி மூடுகிறார்கள் தெரியுமா? எல்லாரும் சேர்ந்து ஒரு நிதி வைத்தால் ஒருவரும் மூடமாட்டார்கள்."

சீமோன் தலையாட்டினார். காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: இவ்வளவையும் மண்டபத்தில் நின்று சொல்லப்போகிறவன் மாக்கஸ்.

"மைக்கில பேசுவானோ?" என்று கேட்டார்.

"பேசுவார்."

சீமோன் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பானையை அவர்கள் வெளியே எடுக்கவில்லை. மண்ணை மட்டும் சுற்றிவரச் சுரண்டிவிட்டு அப்படியே இருக்க விட்டார்கள். பக்கத்தில் யாராவது அடக்கமாகி இருக்கலாம் என்று கிளாடெற் நினைத்தார். ஊர்ப்பெரியவர்களைக் கேட்டு முடிவெடுக்கும்வரை நீலப் படங்கால் மூடி வைத்தார்கள். பானையின் விளிம்பில் இருந்து கழன்ற ஓடொன்று மட்டும் அதன் அருகில் தனியாகக் கிடந்தது. மேலே நேர்நேராய்க் கோடுகள், சோளக்கதிர்போல. உள்பக்கம் கரிப்பற்று.

மாக்கஸ் தொலைக்காட்சியில் வருகிற பின்னேரம் இரண்டு வீட்டுச் சனமும், செந்தாடியும் கிளாடெற்றும் சேர்த்து, மாக்கஸின் ஹோலில் கூடியிருந்தார்கள். சீமோனும் போனார். திரையில் மாக்கஸின் முகம் ஒரு தோசைக்கல் அளவுக்கு வந்து, "நான் சின்னனில இருந்தே சரித்திரத்தில ஆர்வம்" என்றது. மன்னாரில் ஒரே வகுப்பில் இருந்தபோது சரித்திரப் பாடத்துக்கு மாக்கஸ் எடுத்தது சைபர் என்று சீமோனுக்குத் தெரியும். அந்தச் சைபரைப் பார்த்து எழுதித் தானும் சைபர் எடுத்தவர் அவர்.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாறன்" என்று எழும்பினார்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. படங்கின் ஒரு மூலை காற்றில் தூக்கியது. "மாக்கஸுக்கு முழுப் பானையும் கிடக்கு. எனக்கொரு துண்டு" என்றது சீமோனின் மனம். தன் வளவு மண்ணுக்குள் தாட்டுவிட்டு, பிறகு தானே கண்டெடுத்தால் சரித்திரம் வேலி தாண்டிவிடும். கமராவும் தாண்டும். மைக்கும் தாண்டும். அவர் குனிந்தார். நிமிர்ந்தபோது ஓடு சாரத்து மடிக்குள் இருந்தது.

அங்கேதான் சீமோன் ஒரு காரியம் செய்தார். மன்னாரில் சின்னவயதில் திருநாளுக்கு முதல்நாள் கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை மினுக்குகிற பொறுப்பு அவருடையது. ஊத்தையோடு ஒரு பொருளைச் சபையில் வைப்பது அவருக்கு ஆகாது. கமராவுக்கு முன்னால் வரப்போகிற ஓடு மண்ணும் கரியுமாக இருக்கலாமா? நிலவறைத் தொட்டிக்குக் கொண்டுபோய், பழப்புளியும் சாம்பலும் போட்டு, தென்னந்தும்பால் தேய்த்தார். கோயில் தண்டை மினுக்குவதுபோல உள்ளும் புறமும் மினுக்கினார். ஓடு வெட்கப்பட்ட பெட்டைபோலச் சிவந்தது. மனம் குளிர்ந்தது.

அடுத்த நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம்.

படங்கைத் தூக்கிய செந்தாடி ஓட்டைக் காணாமல் வெளிறிப்போனான். கிளாடெற் சத்தம் போடவில்லை. கதிரையை மடக்கினார். அதுதான் பயங்கரம். அடக்கம் இருக்கக்கூடிய இடத்தில் களவு போனால் அறிவிக்கவேண்டும், வேலை முழுக்க நிற்கும், வளவுக்காரர்தான் முதலில் பதில் சொல்லவேண்டும் என்றான் செந்தாடி. யாரும் மாக்கஸைக் கள்ளன் என்று சொல்லவில்லை. எல்லாரும் மாக்கஸைப் பார்க்கமட்டும் செய்தார்கள்.

சீமோன் தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரில் காதை வைத்திருந்தார். முதல் அரைமணித்தியாலம் அது பாட்டுக் கச்சேரிபோல இருந்தது. பிறகு செலீன் அழுகிற சத்தம் கேட்டது.

"பெண்வீட்டாருக்கு என்னத்தைச் சொல்லுறது? கள்ளன்ர மகனுக்கோ பெட்டையைக் குடுக்கப்போகினம்?"

"நான் எடுக்கேல்ல எண்டு உனக்குமோ சொல்லவேணும், செலீன்?" இது மாக்கஸ். குரல் தோசைக்கல்லாக இல்லை. தீயில் விட்ட பப்படம்போலச் சுருண்டிருந்தது. "ஆர் நம்புவான்? வளவு என்ர. பானை என்ர வளவில. முப்பது வருசமா ஒரு சட்டியைக் களவெடுத்த வீடெண்டு உன்ர அக்காவே சொல்லிக்கொண்டு திரியிறா."

சீமோனின் தேத்தண்ணி ஆறிவிட்டது. மாக்கஸ் கீழே விழவேண்டும் என்று அவர் முப்பது வருடம் நேர்த்தி வைத்தவர்தான். ஆனால் விழுத்துவது மாதாவாக இருக்கவேண்டும், தானாக இருக்கக்கூடாது.

நேரே போய்க் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் நேரே போகிற கால் சீமோனுக்கு இல்லை. அவர் நேற்றைய வழியையே கொஞ்சம் திருத்தினார். ஓட்டைத் தன் வளவில் முந்திரிகைக் கொடியடியில் தாட்டுவிட்டு, "இஞ்சையும் ஏதோ கிடக்குது" என்று கூப்பிடுவது. ரக்கூன்போல ஏதாவது விலங்கு இழுத்துவந்திருக்கும் என்று நினைப்பார்கள். மாக்கஸுக்கும் பழி தீரும், தனக்கும் மைக் கிடைக்கும். இதைவிட நல்ல வழியைச் சாலமோன் ராசாவும் கண்டிருக்கமாட்டார் என்று தோன்றியது.

மத்தியானம் வேலிக்கு மேலால் கத்தினார்.

"மாக்கஸ்! ஓடிவா! செந்தாடியையும் கூட்டிக்கொண்டு வா! என்ர கொடியடியில ரக்கூன் கிண்டியிருக்கு, ஏதோ மினுங்குது!"

எல்லாரும் வந்தார்கள். மாக்கஸ் கண் வீங்கிப்போய் வேலி மறுபக்கம் நின்றார். வேரோனிக்கா குசினிப் படியில், கையில் அகப்பையோடு. செலீன் வேலிப் பலகை இடைவெளியால் ஒரு கண் மட்டும். செந்தாடி முழந்தாளில் இருந்து மேசன்கரண்டியால் மெல்ல மண்ணைத் தள்ளினான். ஓடு வெயிலில் பளீரென்றது.

"பாத்தியளோ! அதே கோடு! ரக்கூன்தான்!" என்றார் சீமோன்.

செந்தாடி ஓட்டை எடுத்துக் கிளாடெற்றிடம் நீட்டினான். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். சீமோனை நிமிர்ந்து பார்த்தார். திரும்ப மணந்தார்.

"உங்கள் ஊர் ரக்கூன் புளி போடுமா?" என்று கேட்டார்.

மாக்கஸின் வாய் மெல்லத் திறந்தது.

"உள்ளே கரி இருந்தது" என்றார் கிளாடெற். அவருடைய குரலில் கோபமில்லை. அதுதான் சீமோனைக் குத்தியது. "அந்தக் கரியைப் பரிசோதித்தால் என்ன சமைத்தார்கள் என்று தெரிந்திருக்கும். சோளமா, மீனா. ஐந்நூறு வருடம் அது ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் கழுவிவிட்டீர்கள்."

சீமோன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து, கை ஓயாத செந்தாடி, "இருங்கள், கீழே இன்னும் இருக்கிறது!" என்று கத்தினான்.

கொடியின் வேருக்கு நடுவில் இன்னோர் ஓடு. தடிப்பு, நல்ல கறுப்பு. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு விளிம்பு. செந்தாடிக்கு மூச்சு வாங்கியது. "இது வேறு வகை! இப்படி ஒன்றை நான் கண்டதேயில்லை! இது முற்றிலும் புதியது!"

சீமோனின் முகத்தில் இருந்த இரத்தம் முழுக்கக் கால் பெருவிரலுக்கு இறங்கியது. அவர் அதை மறந்தேவிட்டிருந்தார். உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார். மூத்த மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்து. இரண்டு போத்தல் பியருக்குப் பிறகு, குசினியில் முட்டை பொரிக்கப் போன கை. மேல்தட்டில் இருந்து சட்டி விழுந்த சத்தம். வேரோனிக்கா ஹோலில் ஆட்களோடு நின்றார். அன்று புதிதாய் நட்ட முந்திரிகைக் கன்று, இளகிய மண். அடுத்த நாள் வேரோனிக்கா செலீனின் பெயரைச் சொன்னபோது, சகலன் வீட்டில் கள்ளி இருந்தால் நல்லதுதானே என்று வாயை மூடிக்கொண்டது.

படியில் அகப்பை விழுந்தது.

"உது..." வேரோனிக்கா இறங்கி வந்தார். குனிந்து அந்த விளிம்பை எடுத்தார். பெருவிரலால் ஓரத்தில் தடவினார். அங்கே ஒரு சிறு நொறுங்கல் இருந்தது. "உது அம்மான்ர சட்டி. இந்த நொறுங்கல் நான் சின்னனில உலக்கையால தட்டினது. அடி வாங்கினனான்."

வேலிக்கு அங்கால் பலகை முறிகிற சத்தம். முழங்கால் நோவென்று படியேறாத செலீன் வேலியைத் தாண்டிவிட்டார். எப்படித் தாண்டினார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

"தா அக்கா. தா பாப்பம்." அவர் அடுத்த ஓட்டை எடுத்து மணந்தார். "ஐயோ. திருக்கை மணம் இன்னும் கிடக்கு."

"எங்க? விடு, நான் பாக்கிறன்."

"நீ இவ்வளவு காலம் என்னைக் கள்ளி எண்டனி! பெரிய துண்டு எனக்குத்தான்!"

"அம்மா என்ர குசினியிலதான் இருந்தவ! பெரியது என்ர!"

இரண்டு பேரும் அந்தப் பெரிய ஓட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தார்கள். இழுத்தபடியே அழுதார்கள். அழுதபடியே ஒருமித்துச் சீமோன் பக்கம் திரும்பினார்கள்.

"இஞ்சேருங்கோ" என்றார் வேரோனிக்கா. அந்த ஒரு சொல்லுக்கு முந்திரிகை இலை இரண்டு வாடி விழுந்தது.

"அத்தான்" என்றார் செலீன். மூன்றாவது இலையும் விழுந்தது.

சீமோன் நின்ற இடத்திலேயே முழங்காலில் இருந்தார். "ரண்டும் நான்தான்" என்றார். "சட்டியும் நான்தான், ஓடும் நான்தான். மாக்கஸுக்கு ஒண்டும் தெரியாது." பிறகு வேலிப்பக்கம் திரும்பி, நிலத்தைப் பார்த்துச் சொன்னார்: "எரிச்சலடா. உன்ர மண்ணிலகூடக் கிளம்புது. என்ர மண்ணில என்ன கிடக்கு?"

மாக்கஸ் மூக்கைச் சீந்திக்கொண்டு, "என்ர வளவில ஒரு பானை" என்றார். "உங்கட வளவில ரண்டு. அப்பவும் எரிச்சலோ அண்ணை?"

கிளாடெற் ஓட்டைக் கையில் வைத்தபடி சகோதரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார்கள் என்று அவர் கேட்க, சீமோன் முழங்காலில் இருந்தபடியே பெயர்த்துச் சொன்னார்: அது அவர்களின் தாயின் சட்டி, நொறுங்கல் உலக்கையால் வந்தது, மணம் திருக்கை, சண்டை பெரிய துண்டுக்கு.

கிளாடெற் சிரித்தார். கண் சிவந்திருந்தது. "எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்றார். "எத்தனை பானை பார்த்துவிட்டேன். இது என் அம்மாவுடையது, நீ விடு என்று சண்டை பிடிக்க ஒருவர்கூட வந்ததில்லை. யாருடையது என்றும் தெரியாது, என்ன சமைத்தார்கள் என்றும் தெரியாது."

"என்னவாம் அவ?" என்றார் வேரோனிக்கா.

"எங்களில பொறாமையாம்."

"எங்களிலயோ? உந்த மனுசனோட ஒரு கிழமை இருந்து பாக்கச் சொல்லுங்கோ." சொல்லிவிட்டு, வேரோனிக்கா கண்ணைத் துடைத்தார். பிறகு கிளாடெற்றின் கையைப் பிடித்துப் படியில் இருத்தினார். "இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போங்கோ. திருக்கை கிடக்கு. சட்டிதான் இல்லை."

செந்தாடி எழுதவேண்டியதை எழுதினான், மறைக்க வழியில்லை. மேலிடத்தில் இருந்து ஒரு பெண் வந்து சீமோனுக்கு வகுப்பெடுத்தார். அந்த வகுப்பில் சீமோன் வாழ்நாளில் சொல்லாத அளவுக்கு "ஓம்" சொன்னார். மாக்கஸின் பெயர் சுத்தமாயிற்று. கிளாடெற்றின் ஊர்ப்பெரியவர்கள் வந்து, குழியோரம் புகையிலை வைத்துத் தங்கள் பாசையில் பேசினார்கள். பானை அங்கேயே இருக்கட்டும், ஓடும் அதனோடு போகட்டும் என்பது அவர்களுடைய சொல். புளிமணத்தோடுதான் போயிற்று. றிச்சர்டின் குட்டிவீடு பானையை விட்டு விலகி முன்னுக்கு நகர்ந்தது; குசினி கொஞ்சம் ஒடுங்கிற்று. பெண்வீட்டார் அதையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

மூடும்வரை குழியைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார் கிளாடெற். "எடுத்தவருக்குத்தான் எடுக்கிற வழி தெரியும்" என்று செம்மஞ்சள் மேற்சட்டை ஒன்றைச் சீமோனிடம் நீட்டினார். முதுகில் வெள்ளிக்கோடு. சீமோன் அதைப் போட்டுக்கொண்டு பாண் வாங்கப் போனார், பாபர் கடைக்குப் போனார், ஞாயிறு பூசையில் முன்வாங்கில் இருந்தார். மூன்றாம் நாள் மாக்கஸ் கிளாடெற்றிடம் போய்த் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நகரமண்டபக் கூட்டம் வந்தது. கிளாடெற் பேசக் கூப்பிட்டது மாக்கஸை அல்ல. சீமோனை நிச்சயமாக அல்ல. சகோதரிகளை.

புருசன்மார் இரண்டு பேரும் குழியோரம், இரண்டு மடக்குக் கதிரையில், இரண்டு மேற்சட்டையில், மாக்கஸின் போனைத் தேத்தண்ணிப் போத்தலில் சாத்திவைத்துப் பார்த்தார்கள். திரையில் வேரோனிக்கா வந்தார். நீலக் கூறைச்சீலை. கையில் அந்த நொறுங்கிய விளிம்பு. மைக்கைத் தட்டிப் பார்த்தார். அவருடைய இங்கிலிசில் அவர் பேசியது தமிழில் இவ்வளவுதான்:

"இது என்ர அம்மான்ர சட்டி. என்ர மனுசன் உடைச்சுத் தாட்டுப்போட்டு, என்ர தங்கச்சியைக் கள்ளியாக்கினவர். முப்பது வருசம் என்னை ஒருத்தரும் கேக்கேல்ல. கிளாடெற்றின்ர சனத்தையும் ஒருத்தரும் கேக்கேல்ல. முதல் கேளுங்கோ. பிறகு கிண்டுங்கோ."

உடனே கைதட்டு. போனின் சின்ன வாயால் அது ஆலங்கட்டி மழைபோலக் கொட்டியது. நிற்கவில்லை. சனம் எழும்பி நின்று தட்டியது. கிளாடெற் எழும்பி நின்றார். கடைசி வரிசையில் ஒரு செந்தாடி ஆடியது.

சீமோனின் நெஞ்சு மேற்சட்டைக்குள் ஊதிப் பெருத்தது. ஊரறிய மானம் போனது அவருக்குத்தான். ஆனாலும் தட்டு விழுந்தது தன் மனிசிக்கு.

"கண்டியோ?" என்றார்.

"கண்டனான்" என்றார் மாக்கஸ், போனை விட்டுக் கண்ணெடுக்காமல். "பொறுங்கோ அண்ணை. செலீன் இன்னும் பேசேல்ல."

திரையில் செலீன் மெல்ல எழும்பி, முழங்காலைப் பிடித்தபடி மைக்கை நோக்கி நடந்தார். கையில் பெரிய துண்டு. அதை எப்போது கைப்பற்றினாரோ, கடவுளுக்கே வெளிச்சம். மாக்கஸ் கழுத்தில் கிடந்த செபமாலையை வெளியே எடுத்தார். சீமோனும் தன்னுடையதை எடுத்தார்.

இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். மாக்கஸ் என்ன கேட்டார் என்று தெரியாது. சீமோன் கேட்டது இதுதான்: "அந்தோனியாரே, அவளும் நல்லாத்தான் பேசட்டும். ஆனா கைதட்டு, ஒரு கொஞ்சம், குறைவா விழட்டும்."